மழைக்காடும் கடலும் ஒரே பயணத்தில்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் எங்கே போகலாம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்குக் காடு புதிதல்ல. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் யானை இறங்குவது ஆண்டுதோறும் நடப்பதுதான். 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. யானை, சிறுத்தை, ஆற்றில் நீர்நாய், முதலை எல்லாம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன.

ஆனால் இவை வறண்ட காடுகள். கோடையில் இலை உதிர்ந்து நிற்கும். ஆண்டு முழுக்கப் பச்சை மாறாத மழைக்காடும் கடலும்தான் இங்கே இல்லாத இரண்டு. நான்கைந்து நாள் விடுப்பு எடுத்து, கைக்காசு செலவு செய்து குடும்பமாகக் கிளம்பும்போது இங்கே இல்லாததைத் தேடிப் போவதுதான் நியாயம். தமிழ்நாட்டில் தொடங்கிக் கேரளத்தில் முடியும் வால்பாறை – அதிரப்பள்ளி – செராய், கர்நாடகத்தின் ஆகும்பே – மால்பே, அந்தமான் ஆகிய மூன்றையும் விரிவாக ஒப்பிட்டுவிட்டு, அதிகம் கேட்கப்படும் வயநாட்டையும் இலங்கையையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யானையும் புலியும் பார்ப்பதுதான் பிள்ளைகளின் ஆசை என்றால் மழைக்காடு ஏமாற்றிவிடும். மரங்கள் 30, 40 மீட்டர் உயரம் நிற்கும். கீழே புதர் அடர்த்தி. பத்தடிக்கு அப்பால் நிற்கும் காட்டுமாடுகூடக் கண்ணில் படாது. விலங்கைத் திறந்த வெளியில் பார்க்க பந்திப்பூர், கபினி போன்ற இலையுதிர் காடுகள்தான் சரி. மழைக்காட்டில் பார்க்க வேண்டியது வேறு: சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு, பெரும் இருவாச்சிப் பறவை, கருமந்தி என்னும் கருங்குரங்கு, மலையணில், பறக்கும் ஓணான், இரவில் கத்தும் தவளைகள். தலையை அண்ணாந்து, பேசாமல், அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால்தான் இவை கிடைக்கும். ஜீப் சவாரி இதற்கு உதவாது. 8×42 அளவில் ஒரு பைனாகுலர் இருந்தால் பயணத்தின் மதிப்பு இரட்டிப்பாகும். குடும்பத்துக்கு ஒன்று போதும். ஆனால் சிறுவர்களுக்கு வீட்டு மாடியிலேயே பழக்கிவிட்டுக் கூட்டிப்போங்கள். காட்டில் வைத்துக் குவியம் சரிசெய்யக் கற்றுக்கொடுப்பதற்குள் பறவை போய்விடும்.

முதலில் விடுமுறையைப் பாருங்கள், பிறகு இடத்தை

பெரும்பாலான குடும்பங்கள் இடத்தை முடிவு செய்துவிட்டுத்தான் நாளைத் தேடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இது பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நிற்கும். அந்த மாதங்களில் காடு உச்ச அழகில் இருக்கும். கடல் ஆபத்தாக இருக்கும். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருவதால் அருவி நிரம்பி வழியும், அட்டை மிகும், கடலோ இன்னும் அடங்கியிருக்காது. அப்போது போனால் காட்டுக்காக மட்டும் போங்கள். கடலைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அரையாண்டு விடுமுறை மூன்று இடங்களுக்கும் பொருந்தும். காடு ஈரமாகவே இருக்கும், கடல் அமைதியாக இருக்கும். அறை வாடகையும் விமான டிக்கெட்டும் ஏறியிருப்பதும், கிறிஸ்துமஸ் வாரத்தில் கேரளக் கடற்கரை நிரம்பி வழிவதும்தான் குறை. டிசம்பர் 24க்குப் போவதைவிட பொங்கலை ஒட்டி இரண்டு நாள் விடுப்புச் சேர்த்துப் போவது எல்லா வகையிலும் மேல்.

முழு ஆண்டு விடுமுறையில் ஏப்ரல் நல்ல மாதம். ஆனால் ஏப்ரல், மே இரண்டிலும் கேரளக் கடலில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று அலை கரையேறும். அங்கே கள்ளக்கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே வெகுதொலைவில் வீசும் புயல்காற்று கிளப்பும் நீளமான அலை அது, வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாது. கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு மேயும் ஜூனும் அசைய முடியாத மாதங்கள். அவர்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் வழி. அதில் இழப்பு ஒன்றும் இல்லை.

வால்பாறை – அதிரப்பள்ளி – செராய்

இந்த இரு மாவட்டங்களிலிருந்தும் போகும் குடும்பத்துக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுதான். ஒரே கோட்டில் காடு, அருவி, கடல் மூன்றும் வருகின்றன. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

தருமபுரியிலிருந்து சேலம், அவிநாசி, பல்லடம், பொள்ளாச்சி வழியாக வால்பாறை ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அங்கிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி, சாலக்குடி வழியாக செராய் கடற்கரை 150. செராயிலிருந்து பாலக்காடு, கோவை, சேலம் வழியே வீடு 420. மொத்தம் 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் 60 லிட்டர் பெட்ரோல்; சுங்கக் கட்டணம் தனி. ஐந்து பேர் போக இதைவிட மலிவான மழைக்காட்டு வழி கிடையாது.

கார் இல்லாதவர்களுக்கு தருமபுரி வழியாகப் போகும் பெங்களூரு – எர்ணாகுளம் இன்டர்சிட்டி கை கொடுக்கும். காலையில் ஏறினால் மதிய வாக்கில் கோவை. அங்கே டாக்சி பிடித்தால் இருட்டுமுன் வால்பாறை. திரும்பும்போது செராயிலிருந்து ஆலுவா வந்து, அதே இன்டர்சிட்டியில் காலையில் ஏறினால் மாலையில் தருமபுரி. வந்தே பாரத்திலும் கோவை போகலாம். ஆனால் அது மதியத்துக்கு மேல்தான் தருமபுரி வரும், இரவில் கோவையில் இறக்கிவிடும். மலை ஏற மறுநாள் ஆகும்.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகள் வாந்தி எடுப்பது இங்கேதான். பொள்ளாச்சியில் பூரி, பொங்கல் வேண்டாம். இரண்டு இட்லி போதும். பின் சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குத்தான் முதலில் தலை சுற்றும். கண் அசையாத திரையைப் பார்க்க, உடம்பு வளைவை உணர்வதால் வரும் குழப்பம் அது. சாலையைப் பார்க்க வையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் வயதுக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிட வேண்டும். ஓட்டுநருக்கு அந்த மாத்திரை கூடாது, தூக்கம் வரும். வளைவில் மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி இருபது நிமிடமாவது ஆறவிட வேண்டும், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சாலையோரப் பாறையிலேயே வரையாடு மேயும். நம் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில் பார்க்க நடக்கவே வேண்டாத இடம் இது. முழங்கால் வலி உள்ள பாட்டிக்கும் கிடைக்கும். வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் சோலைமந்திக் கூட்டங்கள் சாலையோர மரங்களில் இருக்கும். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு அது. கருத்த முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். வாழைப்பழமோ சிப்ஸோ நீட்டாதீர்கள். சாலையில் உணவு கிடைக்கும் என்று பழகியதால்தான் அவை வண்டியில் அடிபடுகின்றன. மரத்துக்கு மரம் சாலையைக் கடக்க அங்கே மேலே பாலம் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பெரும் இருவாச்சியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குள் பழுத்த அத்தி மரம் எதிரே நிற்க வேண்டும். பறவை தெரியுமுன் சத்தம் வரும்: நீராவி எஞ்சின் மூச்சுவிடுவதுபோல் இறக்கை காற்றை அறையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையும் குஞ்சுமாக இருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஒரு கீற்று ஓட்டை வழியே ஊட்டும். அந்த நாட்களில் கூட்டு மரத்தடியில் கூட்டம் போட்டு நின்றால் ஆண் பறவை தீனியோடு வராமல் திரும்பிவிடும். வழிகாட்டி "போதும்" என்றால் உடனே நகர வேண்டும்.

வால்பாறையின் ஆபத்துகளை மறைக்கக் கூடாது. தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிப்போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. தோட்ட பங்களாவில் தங்கினால் மாலை ஆறுக்கு மேல் சிறு பிள்ளையை முற்றத்தில்கூடத் தனியே விடாதீர்கள். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் யானை அருகில் இருக்கிறது என்று பொருள். அந்த வழியே போகாதீர்கள். ஆற்றில் இறங்குவது அதைவிட ஆபத்து. 2023 அக்டோபரில் வால்பாறை அருகே ஆற்றில் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். பாசி வழுக்கும், ஆழம் திடீரென்று மாறும். அத்தோடு, வால்பாறைக்கு இப்போது இ-பாஸ் வேண்டும். கிளம்புமுன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரையிலான சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர். உண்மையான மழைக்காட்டின் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி போகும். இந்த வனப்பகுதியில் கேரளத்தின் நான்கு வகை இருவாச்சிகளும் இருக்கின்றன. சாவடியில் நேரம் எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். மறுமுனையில் அதைப் பார்ப்பார்கள். வழியில் இறங்கி நின்றால் தண்டம். மாலையில் சாவடி மூடிவிடும். யானை வழி மறித்தால் ஒரு மணி நேரம்கூட நிற்க நேரும். ஆகவே வால்பாறையில் காலை எட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். நடுவே பெட்ரோல் பங்கும் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. வால்பாறையிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அட்டை பற்றிப் பயம் வேண்டாம், தயாரிப்பு வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தி அட்டைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஷூ போட வேண்டும். கடித்தால் பிய்த்து இழுக்காமல், மெலிந்த முனையில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அரை மணி கசிவது இயல்பு. கழுவி, பஞ்சு வைத்து அழுத்தி பிளாஸ்திரி ஒட்டினால் போதும்.

ஆகும்பே – மால்பே

வீட்டில் பெரியவர்கள் "சிருங்கேரி, உடுப்பி, கொல்லூர் போய் வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் கேள்வியே இல்லை, இதுதான் உங்கள் பயணம். கோயில் ஒருபக்கம், மழைக்காடு ஒருபக்கம், கடல் ஒன்றரை மணி நேரத்தில். மூன்று தலைமுறைக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும் வழி வேறு எதிலும் இல்லை.

ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். ராஜநாகத்துக்குப் பேர் போன காடு. 2005இல் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகர் அங்கே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அதனால்தான். ஆனால் ராஜநாகத்தைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பார்க்கக் கிடைப்பது இரவு நடையில் தவளையும் விரியனும், பகலில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் ஓணானும். இரவு நடை உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும். ஆளுக்கொரு டார்ச், கணுக்கால் மூடிய ஷூ, குழந்தை பெரியவர் கையைப் பிடித்தபடி. இலையில் சுருண்டிருக்கும் பச்சை விரியன் கண்ணுக்கு இலையாகவே தெரியும். எதையும் தொடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த இரவு நடை சலிப்பைத்தான் தரும்.

கடல் பக்கம் மால்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவு. மடகாஸ்கர் நம் நிலத்திலிருந்து பிரிந்த காலத்தில் எரிமலைக் குழம்பு ஆறி, பல கோணத் தூண்களாக உறைந்து நிற்கிறது. படகு பருவமழைக் காலம் முழுக்க ஓடாது. அக்டோபர் பாதிக்கு மேல் போனால் நம்பலாம். தீவில் குளிக்க வேண்டாம், பாறை கூர்மை. குளிக்க, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற படுபிதிரி கடற்கரை இருக்கிறது. உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு.

சிக்கல் தூரத்தில்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90, அங்கிருந்து ஆகும்பே 350 கிலோமீட்டர். பெங்களூருவுக்குள் மாட்டினால் இரண்டு மணி நேரம் போச்சு. விடியற்காலை நாலு மணிக்குள் ஓசூரைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டியில், நகருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் ஏறி, துமகூரு சாலையைப் பிடியுங்கள். ரயில் என்றால் சென்னை – மங்களூரு மெயில் இரவில் ஜோலார்பேட்டை, சேலம் வழியாகப் போகிறது. மறுநாள் நண்பகலில் மங்களூரு. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் இல்லாததால் ஜோலார்பேட்டைக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டிக் கிளம்ப வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கு சேலம்தான் வசதி. ரயிலில் போனால் கடலை முதலில் வைத்துக்கொண்டு, காட்டைக் கடைசியில் வையுங்கள். இரவுப் பயணம் முடிந்த கையோடு மலை ஏறினால் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

அந்தமான்

கடலுக்காக என்றால் அந்தமானுக்கு ஈடு இல்லை. காட்டு விலங்குக்காக என்றால் அது மூன்றாம் இடம்தான். மழைக்காடு வானளாவி நிற்கும். ஆனால் அந்தத் தீவுகளில் இயற்கையாகப் புலியும் கிடையாது, குரங்குக் கூட்டமும் கிடையாது. அங்கே உள்ள செல்வம் பவளப்பாறை, அங்கு மட்டுமே வாழும் பறவைகள், முட்டையிட வரும் கடலாமைகள்.

சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஸ்ரீ விஜயபுரம் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர் அது. கிருஷ்ணகிரிக்காரர்கள் காலை விமானம் எடுத்தால் நள்ளிரவே கிளம்ப வேண்டும், விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி பெங்களூருவின் வடக்குக் கோடியில் இருக்கிறது. ஊருக்குள் தமிழ் பேசுபவர்கள் ஏராளம், இட்லி தோசைக்கும் குறைவில்லை. மொழிக்குப் பயப்படும் பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆறு இரவுக்குக் குறைவாகப் போகாதீர்கள். சுவராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்கு, கப்பலில் இரண்டு மணி நேர வாக்கில் ஆகும். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டு விமானத்தை இழக்கும் குடும்பங்கள் உண்டு. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பகல் திட்டத்தைக் காலை ஐந்தரைக்குத் தொடங்குங்கள். சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையில் காலையும் மாலையும் மணல் ஈ கடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தடுக்கும். சொறிந்தால் புண்ணாகி ஒரு வாரம் படுத்தும். செம்மூக்கன் முதலை நடமாட்டம் என்று பலகை வைத்த இடத்தில் கணுக்கால்கூட நனைக்கக் கூடாது. சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், வழக்கும் ஆகும்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தின் ஊடே போகிறது. அந்த மக்களைப் பார்க்கலாம் என்று ஆசைகாட்டும் ஏஜென்ட்டிடம் வண்டி எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், மனிதத்தன்மையும் அல்ல. சிறு குழந்தை உள்ளவர்கள் விடியுமுன் எழுந்து நாள் முழுக்க வண்டியில் குலுங்குவதைவிட அந்த நாளைக் கடற்கரைக்கே கொடுக்கலாம்.

வயநாடும் இலங்கையும்

வயநாடு – கண்ணூர் நல்ல பயணம்தான்; முழப்பிலங்காடு கடற்கரையில் மணலிலேயே கார் ஓட்டலாம் என்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் முத்தங்காவும் தோல்பெட்டியும் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். நம் ஊர்க் காட்டின் செழிப்பான வடிவம். பந்திப்பூர் வழியிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவு 9 முதல் காலை 6 வரை கார்களுக்குத் தடை. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கும் குடும்பத்துக்கு இலங்கையின் சிங்கராஜா மழைக்காடும் மிரிஸ்ஸா கடற்கரையும் டிசம்பர் முதல் மார்ச் வரை அருமை. உடவளவையில் யானையும் உறுதியாகக் கிடைக்கும். பாஸ்போர்ட்டே இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றால் இந்த ஆண்டுக்கு அதை விட்டுவிடுங்கள்.

கிணற்றில் நீந்தத் தெரிந்தவர்கள் கவனிக்க

நம் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் பழகியவர்கள். அந்தத் தைரியம்தான் கடலில் ஆபத்து. கிணற்றுத் தண்ணீர் நகராது, கடல் இழுக்கும். கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போகும் ஒடுங்கிய வழியில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். அனுபவம் இல்லாதவர் அதையே பாதுகாப்பான இடம் என்று தேர்ந்தெடுப்பார். அது உள்ளே இழுக்கும் நீரோட்டம். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்க நேரும். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரும் வேண்டாம். செராய், படுபிதிரி இரண்டிலும் உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியிலேயே குளியுங்கள்.

எந்தக் குடும்பத்துக்கு எது?

நாலு நாள், ஐந்து பேர், சொந்தக் கார் என்றால் வால்பாறை – செராய். வால்பாறையில் இரண்டு இரவு, செராயில் ஒன்று; காட்டு இரவைக் குறைத்துக் கடல் இரவைக் கூட்டாதீர்கள், இரண்டு காலைப் பொழுதுகள் கிடைத்தால்தான் இருவாச்சிக்கு வாய்ப்பு. கோயிலும் சேர வேண்டும், பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால் ஐந்து நாள் ஒதுக்கி ஆகும்பே – மால்பே. ஒரு வாரமும் விமானச் செலவும் முடியும், பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், முகமூடி போட்டு நீருக்குள் பார்க்கப் பயம் இல்லை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை அந்தமான்.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். வால்பாறைக்கு முதலில் அறை, ஏனென்றால் நல்ல அறைகள் குறைவு. செராய் அறை கடைசி வாரத்திலும் கிடைக்கும். ஆகும்பேக்கு முதலில் ரயில் டிக்கெட். மங்களூரு மெயிலில் விடுமுறை நாள் இடங்கள் முன்பதிவு திறந்ததுமே தீர்ந்துவிடும். அந்தமானுக்கு விமானமும் தீவுக் கப்பலும் ஒரே நாளில் பதிவாக வேண்டும். கப்பல் இடம் உறுதியான பிறகே சுவராஜ் தீவில் அறைக்கு முன்பணம் கட்டுங்கள்.